சரியும் மணலில் ஒரு குடித்தனம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். திரையில் படம் காட்டி விளக்கிய பகுதிகளும், முடிவில் நடந்த கேள்வி பதிலும் இதில் சேரவில்லை.)



அழைப்புக் கடிதத்தோடு, இதற்கு முன் இங்கே பேசியவர்களின் தலைப்புகளையும் அனுப்பியிருந்தீர்கள். திமிங்கிலம் இருந்தது, கடற்பசு இருந்தது, ஆமை இரண்டு முறை இருந்தது. எல்லாம் பெரிய உருப்படிகள். நான் பேச வந்திருப்பது விரல் நீள மீன் ஒன்றைப் பற்றி. பவளப்பாறை மீன் என்றுகூட அதைச் சட்டென்று சொல்லிவிட முடியாது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே கிடக்கிற மணலில் குடியிருப்பது அது. முக்குளிக்கப் போகிறவர்கள் பாறையைப் பார்க்கும் அவசரத்தில் இதன் தலைக்கு மேலேயே நீந்திப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

இதன் குடும்பம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்றிலும் கழிமுகத்திலும் பிடித்துக் குழம்பு வைக்கிறோமே உளுவை, அந்தக் குடும்பம். நம் ஊர் உளுவைக்கு 1822-இல், கங்கை மீன்களைப் பற்றிய தன் நூலில், பிரான்சிஸ் ஹாமில்டன் அறிவியல் பெயர் வைத்தார். குடும்பத்தில் ஏறக்குறைய 2000 இனங்கள். சேற்றில் துள்ளும் சொந்தக்காரர்கள் உண்டு, பவளக் கிளையில் ஒட்டிக்கொண்டு வாழ்பவர்கள் உண்டு, கடற்பஞ்சின் ஓட்டைக்குள் இருப்பவர்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது அம்ப்ளியெலியோட்ரிஸ் ஸ்டைனிட்ஸி. வெளிறிய உடம்பு, அதில் செம்பழுப்புப் பட்டைகள், தலைமேல் உயர்ந்து நிற்கும் கண்கள். செங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பவளப்பாறைகளின் ஓரத்து மணலில் இருக்கிறது. பிராங்க்ஃபர்ட்டில் இருந்த வோல்ஃப்காங் கிளாசெவிட்ஸ் 1974-இல் இதை விவரித்து, செங்கடல் ஆய்வில் முன்னோடியான ஹைன்ஸ் ஸ்டைனிட்ஸின் பெயரைச் சூட்டினார். நாக்குச் சுளுக்கும் என்பதால் இனிமேல் மணல் உளுவை என்றே சொல்கிறேன். இது என் வசதிக்கு நான் வைத்துக்கொண்ட பெயர்.

மணல் உளுவை தனியாக வாழ்வதில்லை. அது குடியிருக்கும் வளையைத் தோண்டியது ஓர் இறால். இறால் நாள் முழுக்க மணலை அள்ளி வெளியே கொட்டுகிறது. மீன் வாசலில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கிறது. ஆபத்து வந்தால் மீன் வாலை அசைக்கிறது, இறால் உள்ளே ஓடுகிறது. மீனும் பின்னாலேயே தலைகீழாகப் பாய்கிறது. இறாலுக்குக் கண் மங்கல், மீனுக்குத் தோண்டத் தெரியாது. குருடனும் முடவனும் சேர்ந்து ஊர் போய்ச் சேர்ந்த பழைய கதையைக் கடலுக்கடியில் வைத்தது போல இருக்கிறதா? பாடப்புத்தகங்கள் இதை அப்படித்தான் சொல்கின்றன. நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். கேட்க நன்றாக இருக்கும், தேர்வில் ஐந்து மதிப்பெண் கிடைக்கும்.

அந்தக் கதையில் ஒரு பாத்திரம் விடுபட்டுப் போகிறது என்பதுதான் இன்று நான் வைக்கும் வாதம். விடுபட்டது மணல். இந்த மீனையும் இந்த இறாலையும் ஒரே வாசலில் கட்டிப் போட்டிருப்பது மணலின் ஒரு குணம்: அது நிற்காது, சரியும். மணல் சரியாமல் இருந்திருந்தால் இந்த உறவே பிறந்திருக்காது என்கிற அளவுக்கு நான் போகிறேன். ஆறு படிகளில் இதைச் சொல்லப் பார்க்கிறேன். ஆறும் ஒரே அளவில் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மணல் எங்கிருந்து வருகிறது

பவளப்பாறை ஓரத்து வெள்ளை மணல், ஆற்று மணல் போல மலையிலிருந்து உருண்டு வந்த கல் அல்ல. பெரும்பகுதி உயிர்கள் செய்தது. கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்று, பாசியைச் செரித்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைப் பின்னால் விட்டுக்கொண்டே போகும். மாலத்தீவில் வக்காரு என்ற தீவைச் சுற்றிக் கிறிஸ் பெர்ரியும் சகாக்களும் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களின் வேலை. சுண்ணாம்பு படியும் ஹலிமீடா என்ற பச்சைப் பாசி உதிர்ப்பது இன்னொரு பங்கு. சங்கு, சிப்பி, நுண்ணுயிர் ஓடுகள் மிச்சம். ஆக, பாறையைச் சுற்றிக் கிடக்கும் மணல் பாறையின் கழிவு, பாறையின் விளைச்சல் இரண்டும்தான்.

அந்த மணலுக்குள் புழுக்கள், சிறு இறால் வகைகள், கண்ணுக்குத் தெரியாத ஓட்டு உயிர்கள் என்று தீனிக்குக் குறைவில்லை. ஒளிய இடம் மட்டும் கிடையாது. பாறையில் வாழும் சின்ன மீனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் இடுக்கு உண்டு. மணலில் வாழும் சின்ன மீன் வெட்டவெளியில் நிற்கிறது. தின்னச் சோறு உண்டு, தங்கக் கூரை இல்லை. அந்தக் கூரைக்காகத்தான் மீதி எல்லாம் நடக்கிறது.

2. நிற்காத வீடு

ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த அனுபவம் இந்த அவையில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. கையால் பறிக்கப் பறிக்கப் பக்கம் சரிந்துகொண்டே வரும். ஒரு குடம் நிறைவதற்குள் நாலு முறை அள்ளிப் போட வேண்டும். மணற்பாங்கான ஊர்களில் நம் முன்னோர் கிணற்றுக்கு உறை இறக்கியதும் இதனால்தான். சுடுமண் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால்தான் மணல் கிணற்றுக்குள் விழாமல் நிற்கும்.

கடலுக்கடியில் நிலைமை இன்னும் மோசம். கரையில் ஈர மணலில் பிள்ளைகள் கோபுரம் கட்டுகிறார்கள். மணலுக்கும் மணலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்து இழுத்துப் பிடிப்பதால் அந்தக் கோபுரம் நிற்கிறது. முழுக்க நீருக்குள் போய்விட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். நீருக்கடியில் மணல் கோபுரம் கட்ட முடியாது. ஆனால் இந்த இறால் அதே மணலில் சுரங்கம் தோண்டி, அதில் குடும்பம் நடத்துகிறது.

எப்படி? விடாமல் வேலை செய்துதான். இறாலின் இரண்டு முன்கைகளும் மண்வாரி போல வேலை செய்யும். அள்ளிய மணலை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வரும், கொட்டும், திரும்பிப் போகும், அடுத்த நடை. உடைந்த பவளத் துண்டு, சிப்பி ஓடு ஏதாவது கிடைத்தால் வாசல் ஓரத்தில் பதித்து வைக்கும். நம் உறைக்கிணறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசின் ஊற்றி இறுகவைத்து இந்த வளைகளுக்கு அச்சு எடுத்திருக்கிறார்கள். கிளைகளும் அறைகளுமாக, முருங்கை வேர் போல இருக்கும் அந்த வார்ப்பு. ஆனால் அது ஒரு நாளின் வடிவம்தான். மறுநாள் வாசலே இடம் மாறியிருக்கும்.

கூரை வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை கூரை மேய்வார். மணல் வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் ஓய்வு கிடையாது. வெளியே வராமல் உள்ளேயே பத்திரமாக இருந்துவிடுவோம் என்று இறால் நினைத்தால் வீடு அதன் தலையில் விழும். உயிர் பிழைக்கக் கட்டிய வீடே அதைப் பகல் வெளிச்சத்தில், பசித்த மீன்களின் முன்னால், நாளுக்குப் பல முறை கொண்டுவந்து நிறுத்துகிறது. என் வாதத்தின் ஆணிவேர் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

3. மீசையும் வாலும்

இந்த இறால் அல்ஃபியஸ் என்ற இனக்குழுவைச் சேர்ந்தது. இதன் உறவினர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு முன்கை பெருத்து, அதைச் சொடுக்கினால் துப்பாக்கி வெடிப்பது போலச் சத்தம் கேட்கும். இரண்டாம் உலகப் போரின்போது நீருக்கடியில் ஒலி கேட்டுக் கப்பல் தேடியவர்களுக்கு இந்த இறால் கூட்டங்களின் சடசடப்பு பெரிய தொல்லையாக இருந்தது, அதை ஆராய அமெரிக்காவில் தனிக்குழுவே வேலை செய்தது. சத்தம் கைகள் மோதுவதால் வருவதில்லை, சொடுக்கும் வேகத்தில் நீரில் உண்டாகும் குமிழி உடைவதால் வருகிறது என்று 2000-இல் மிஷெல் ஃபெர்ஸ்லோய்ஸும் சகாக்களும் காட்டினார்கள். அந்தக் குமிழிக்குள் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்கு 5000 கெல்வினைத் தொடும் வெப்பம் உண்டாகிறது என்பதை அடுத்த ஆண்டு கண்டார்கள்.

கையில் துப்பாக்கி இருப்பவருக்குக் காவல்காரர் எதற்கு? காரணம், துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்துக்குத்தான் உதவும். தூரத்தில் வருவது தெரிய வேண்டுமே! அல்ஃபியஸ் இறால்களின் கண்களைத் தலையோட்டின் ஒரு மடிப்பு மூடியிருக்கும். மண்ணை முட்டிக்கொண்டு வாழ்கிற பிராணிக்கு அது நல்ல பாதுகாப்பு, பார்வைக்கு நல்லதல்ல.

அதனால் இறால் தொட்டுப் பார்க்கிறது. வளையைவிட்டு வெளியே வரும்போது அதன் நீண்ட மீசைகளில் ஒன்று மீனின் உடம்பில், பெரும்பாலும் வால் பக்கத்தில், பட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் மீன் இல்லையென்றால் இறால் வெளியே வராது. மீன் வாலைப் படபடவென்று சிறிதாக ஆட்டினால் இறால் பின்வாங்கும். மீன் தலைகீழாக உள்ளே பாய்ந்தால் அதற்குமேல் செய்தியே வேண்டாம். இதைச் செங்கடலில் முதலில் விரிவாகக் கவனித்து எழுதியவர் வோல்ஃப்காங் லூதர், 1958-இல். பிறகு டீட்ரிஷ் மாக்னுஸ். அதன்பின் எய்லாட் கரையில் 1970-களில் தொடங்கி இலான் கார்ப்லஸ் பல ஆண்டுகள் இதையே வேலையாக வைத்துக்கொண்டார். நான் பேசும் மணல் உளுவையின் வால் மொழியை அளந்து எழுதியவர் அவர்.

இடையில் ஒரு வேடிக்கை. இதே குழுவில் இன்னொரு மீனுக்குக் கிளாசெவிட்ஸ் 1969-இல் சுங்காமி என்று பெயர் வைத்தார். எந்த மொழிச் சொல் என்று தேடிக் களைத்துப் போகாதீர்கள். மாக்னுஸ் என்ற பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டிருக்கிறார். மீன் தலைகீழாக வளைக்குள் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு நல்ல மரியாதை.

நான் இந்த மீனை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது அந்தமானில், நாற்பது வயதுக்குமேல் முக்குளிக்கக் கற்றுக்கொண்ட பிறகு. பத்து மீட்டர் ஆழம். பக்கத்தில் போனவுடன் வாசலில் எதுவும் இல்லை. அசையாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் தலை வந்தது, பிறகு பாதி உடம்பு. அதற்கும் பிறகு, மீனின் வயிற்றோரமாக ஒரு மீசை நுனி எட்டிப் பார்த்தது. என் காற்று உருளை தீர்ந்துகொண்டிருந்தது, வழிகாட்டிப் பையன் கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். மேலே வந்ததும் கோபித்துக்கொண்டான். பாறைப் பக்கம் ஆமை நின்றதாம், நான் மணலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேனாம்.

4. உறுதியான வீட்டில் இருப்பவர்கள்

ஒரு காரணத்தைச் சொன்னால் போதாது. அந்தக் காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லை என்று காட்ட வேண்டும். அதிர்ஷ்டவசமாக இயற்கையே இந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது.

அல்ஃபியஸ் லாட்டினி என்ற இறாலைப் பாருங்கள். அதே இனக்குழு. பொசிலோபோரா என்ற கிளைப்பவளத்துக்குள் குடியிருக்கிறது. பவளம் கல், சரியாது. அன்றாட மராமத்து கிடையாது. அந்த இறாலுக்குக் காவல் மீனும் கிடையாது. அங்கே அதுவே காவல்காரர். பவளத்தைத் தின்ன முட்கிரீட நட்சத்திர மீன் வந்தால், அதே பவளத்தில் வாழும் டிரபீசியா நண்டுகளோடு சேர்ந்து விரட்டுகிறது. கரீபியக் கடலில் அல்ஃபியஸ் ஆர்மாட்டஸ் ஒரு கடல் சாமந்தியின் கொட்டும் கைகளுக்குக் கீழே வாழ்கிறது. அதற்கும் மீன் கூட்டாளி இல்லை. கடற்பஞ்சுக்குள் வாழும் சினால்ஃபியஸ் என்ற நெருங்கிய உறவினரை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் எம்மெட் டஃபி பெலிஸ் நாட்டுப் பாறைகளில், சினால்ஃபியஸ் ரெகாலிஸ் தேனீக்கூடு போல ஓர் அரசியும் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுமாக வாழ்வதைக் காட்டினார். வீடு நிலையாக இருந்ததால் குடும்பமே ஊராகப் பெருகியது. வீட்டைக் காக்க அவர்களுக்கு வெளியாள் தேவைப்படவில்லை.

இனி மீன் பக்கம். மணலில் வாழும் உளுவைகள் எல்லாம் இறாலோடு இருப்பதில்லை. வலென்சியெனியா என்ற வகை மணலை வாய் நிறைய அள்ளி, செவுள் வழியாகச் சலித்துத் தீனியை எடுத்துக்கொண்டு மணலைத் துப்பும். ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் திரியும். அவை வளை தோண்டுவது வாயால். எங்கே தோண்டுகின்றன? பெரும்பாலும் கல்லுக்கடியில், உடைந்த பவளப் பலகைக்கு அடியில். வாயால் தோண்டும் மீனுக்கு மணல் கூரை கட்டுப்படியாகாது. அதனால் கல் கூரையைத் தேடுகிறது. ஒகினாவா பக்கத்தில் வலென்சியெனியா லாங்கிபின்னிஸ் என்ற இனம் முட்டையிடும் காலத்தில் வளைக்கு மேலே பவளத் துண்டு, ஓடு, மணல் எல்லாவற்றையும் குவித்து ஒரு மேடு எழுப்புகிறது. அந்த மேடு வளைக்குள் நீரோட்டம் போய்வர உதவுகிறது என்று தக்கெகாக்கியும் நகாசோனோவும் கண்டார்கள். நல்ல வாயும் நல்ல துணையும் இருந்தால் இறால் இல்லாமலும் சமாளிக்கலாம், கல் கிடைக்க வேண்டும்.

கரீபியப் பாறை ஓரத்து மணலில் கோரிஃபாப்டெரஸ் கிளாகோஃபிரீனம் என்றொரு சின்ன உளுவை இருக்கிறது. இறாலும் இல்லை, வளையும் தோண்டாது. பக்கத்துப் பாறை இடுக்கில் ஓடி ஒளிய வேண்டியதுதான். கிரஹாம் ஃபாரஸ்டரும் மார்க் ஸ்டீலும் அங்கே இடுக்குகளையும் மீன்களையும் எண்ணிப் பார்த்தார்கள். இடுக்கு குறைவான இடத்தில் மீன் கூட்டம் கூடினால் சாவு விகிதமும் கூடுகிறது. ஒளிய இடம் நிறைய இருந்தால் அந்த நெருக்கடி தளர்கிறது. பேருந்தில் இடம் பிடிப்பது போல. கடைசியாக வந்தவர் வெளியே தொங்குவார். மணல் உளுவை இந்த நெருக்கடியிலிருந்து தப்பியது எப்படி என்றால், தனக்கென்று ஓர் இடுக்கைத் தோண்டித் தர ஆள் பிடித்திருக்கிறது.

5. ஒரே ஒப்பந்தம், பல முறை

இந்தக் கூட்டணி ஒரே ஒரு முறை தோன்றிப் பரம்பரையாக வந்தது என்றால், ஏதோ தற்செயல் என்று தள்ளிவிடலாம். அப்படி இல்லை. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் நூற்றுக்கு மேற்பட்ட உளுவை இனங்கள் இறாலோடு வாழ்கின்றன. கிறிஸ்டீன் தாக்கரும் சகாக்களும் 2011-இல் அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டபோது அவை ஒரே கிளையில் வரவில்லை, இரண்டு கிளைகளில் வந்தன. அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் நெஸ் லாங்கஸ் என்ற வேறொரு உளுவை, அல்ஃபியஸ் ஃபுளோரிடானஸ் என்ற வேறோர் இறாலோடு ஏறக்குறைய இதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கேயும் வாலசைப்பு, அங்கேயும் மீசை. அங்கேயே டெனோகோபியஸ் சேப்பிபாலென்ஸ் என்ற இன்னொன்று இறால் வளையைச் சில வேளை பயன்படுத்திக்கொள்ளும், கட்டாயமில்லை. தனித்தனிக் கடல்களில் தனித்தனிப் பரம்பரைகள் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்குப் பொதுவாக இருந்தது என்ன? காலுக்கடியில் கிடந்த மணல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மீனின் குஞ்சும் இறாலின் குஞ்சும் கடல்நீரில் மிதந்து வெவ்வேறு திசையில் போகின்றன. தாயோடு இருந்த இறால் யார் என்று எந்தக் குஞ்சுக்கும் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையும் மணலில் வந்து இறங்கிய பிறகு, புதிதாகத் துணை தேடிச் சேர வேண்டும். அப்பா காலத்துக் குத்தகை செல்லாது.

6. என் வாதத்தின் ஓட்டையும், நம் வேலையும்

எதிர்த்துக் கேட்கக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன். உறவின் காரணம் வீடு மட்டும்தானா, சோறும் இருக்கிறதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். இறால் கிளறிக் கொட்டும் மணலில் மீன் தீனி பொறுக்குகிறது என்பது பழைய செய்தி. 2017-இல் மசனோரி கோடாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. வளைக்குள் மீன் இடும் எச்சம் இறாலுக்கு முக்கியமான உணவாகிறது. அதாவது காவல்காரர் வாடகையில் ஒரு பகுதியைச் சமையலறையில் கொடுக்கிறார். கேட்க அருவருப்பாக இருந்தால், சாணம் போட்ட வயலில் விளைந்த நெல்லைத் தின்னும் நமக்கு முகம் சுளிக்க உரிமையில்லை.

இந்த ஆய்வு என் வாதத்தைச் சற்றுச் சிக்கலாக்குகிறது, உடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரே வளையில் அடைந்து கிடப்பதால்தான் எச்சம் சோறாகிறது. அடைந்து கிடக்க வைத்தது எது என்ற கேள்விக்கு விடை மறுபடி மணலிடம் போகிறது. என்றாலும், எது முதலில் வந்தது, காவலா சோறா என்பதைத் தீர்க்கும் வேலையை இங்கே இருக்கும் மாணவர்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு கண்ணாடித் தொட்டி, சலித்த மணல், பொறுமை.

இனி நம் வேலை. பவளப்பாறைக் கணக்கெடுப்பில் நாங்கள் செய்வது இது: அளவு நாடாவை அடியில் விரித்து, அதன் கீழே என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போவோம். உயிருள்ள பவளம் என்றால் அது என்ன வடிவம், கிளையா, பலகையா, உருண்டையா என்று பத்து வகை. மணல் வந்தால் ஒரே ஓர் எழுத்து. குறித்துவிட்டு, அடுத்த பவளம் எங்கே என்று நாடாவைப் பிடித்துக்கொண்டு நீந்துவோம். அந்த ஒரு எழுத்துக்குள் எத்தனை வாசல்கள் இருந்தன என்று எந்த அறிக்கையிலும் இருக்காது. சிறிய மீன்களைக் கணக்கில் விடுவது சின்னத் தவறும் அல்ல. சைமன் பிராண்டலும் சகாக்களும் 2019-இல் காட்டியபடி, பவளப்பாறையில் மற்ற உயிர்கள் தின்னும் மீன் இறைச்சியில் ஏறக்குறைய 60 விழுக்காடு, உளுவைகளைப் போன்ற மிகச் சிறிய அடிமட்ட மீன்களிலிருந்து வருகிறது. அவை சீக்கிரம் பிறந்து சீக்கிரம் தின்னப்படுவதால் எந்த நேரத்தில் எண்ணினாலும் குறைவாகவே தெரியும். இதே குடும்பத்தின் எவியோட்டா சிஜில்லாட்டா 59 நாளில் வாழ்வை முடித்துக்கொள்கிறது. முதுகெலும்புள்ளவற்றில் அவ்வளவு குறுகிய ஆயுள் வேறெதற்கும் பதிவாகவில்லை.

மணல் எப்போதும் இருக்கும் என்று நினைத்து அதை நாம் எண்ணாமல் விடுகிறோம். அது தவறு என்று சொல்ல நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் பவள மணலால் ஆனவை. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது கணக்கு 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் முருகைக்கல் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த கல் போனபின், அதற்குப் பின்னால் இருந்த மணலும் போனது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கு மேலே இல்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. கல்லுக்கு அட்டவணை கிடைத்தது. மணலுக்கு ஓர் எழுத்துதான் இன்னும்.

ஆகவே இந்த அவையில் ஒரு வேண்டுகோள். இந்த விலங்கியல் துறையின் மாணவர்கள் அடுத்த முறை கணக்கெடுக்க நீரில் இறங்கும்போது, படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: நாடாவின் இருபுறமும் ஒரு மீட்டருக்குள் மணலில் தெரியும் வளை வாசல்களின் எண்ணிக்கை. நாடா மணலைத் தொடும் இடத்தில் நீந்திப் போகாமல் இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் கிடங்கள். ஐந்து நிமிடம் போதும். முதலில் மீன் வரும், பிறகு மீசை வரும். அதற்குப் பிறகு எண்ணத் தொடங்குங்கள்.